மலைநாட்டு ஓடைகளும் மின்னொளியும்

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகைவண்டி நாவலப்பிட்டியைக் கடந்து மலையேறத் தொடங்கியதும், அதுவரை உறங்கிக்கொண்டிருந்த பயணிகளும் எழுந்து சாளரத்தருகே வந்துவிடுவர். வட்டவளை, ஹட்டன், கொட்டகலை என்று நிலையங்கள் ஒவ்வொன்றாய்ப் பின்னே செல்லும். தலவாக்கலையை அணுகுகையில் டெவன், சென் கிளேயர் அருவிகள் தொலைவிலே வெள்ளிக் கோடுகளாய்த் தோன்றும். குழந்தைகள் கைநீட்டிக் காட்டுவர். பெரியோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்துவர். அருவியைக் கண்டு மகிழாதார் யார்?

ஆயின், அதே மலைச்சரிவுகளில் உள்ள மற்றொரு காட்சியை அநேகர் கவனிப்பதில்லை. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் பின்புறத்தே, மேட்டிலிருந்து சரிவு வழியே இறங்கிவரும் ஓர் இரும்புக் குழாய். அதன் அடியில் தகரக் கூரையிட்ட சிறு கட்டடம். சில இடங்களில் அக்குழாய் துருவேறிப் புதர் மூடிக் கிடக்கும். வேறு சில இடங்களில் புதுக்குழாய் பொருத்தப்பட்டு, கட்டடத்தின் உள்ளேயிருந்து சீரான இரைச்சல் கேட்கும். துருவேறிய குழாய்க்கும் இரைச்சலிடும் குழாய்க்கும் இடையே நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அதனையே இவ்வாரம் வாசகர் முன் வைக்கின்றோம்.

'தூய சக்தி', 'புதுப்பிக்கத்தக்க சக்தி' என்னும் சொற்கள் இன்று உலகெங்கும் ஒலிக்கின்றன. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்த புகையினால் புவி வெப்பமடைந்து வருகின்றது. ஆகவே சூரியன், காற்று, நீர் ஆகியவற்றிலிருந்து மின்வலுவைப் பெறுவதே அறிவுடைமை. அதனை நீண்டகாலம் நிலைக்கத்தக்க வாணிபமாகவும் நடத்தலாம் என்று அறிஞர் கூறுகின்றனர். இஃது ஏதோ மேல்நாட்டிலிருந்து புதிதாய் வந்திறங்கிய சரக்கு என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். நம் மலைநாட்டிற்கோ இது பாட்டன் காலத்துச் சொத்து. நடுவிலே அதனைக் கைவிட்டோம். இப்பொழுது மீண்டும் தேடிக்கொண்டிருக்கின்றோம்.

இஸ்டோரும் ஓடையும்

தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்ட மக்கள் 'இஸ்டோர்' என்பர். 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் இலைநோயொன்று கோப்பிப் பயிரை அழிக்கவே, மலைநாடெங்கும் தேயிலை பரவிற்று. தமிழகத்தின் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த மக்களின் உழைப்பினால் காடுகள் தோட்டங்களாயின.

கோப்பிக்கும் தேயிலைக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. கோப்பிக்கொட்டையைப் பக்குவப்படுத்திக் கொழும்புக்கு அனுப்பி, எஞ்சிய வேலையை அங்கே முடித்துக்கொள்ளலாம். கொழுந்தோ பறித்த அன்றே இஸ்டோருக்கு வந்தாக வேண்டும். அதனை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கவேண்டும். ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். உருட்டும் பொறிகளும் சலிக்கும் பொறிகளும் காற்றாடிகளும் இரவெல்லாம் ஓடவேண்டும். ஆகவே ஒவ்வொரு தோட்டத்திற்கும் சொந்தமாக ஒரு வலுமூலம் தேவைப்பட்டது.

நிலக்கரியைக் கப்பலிலே தருவித்து மாட்டுவண்டியில் மலையேற்றுவது பெருஞ்செலவு. தோட்டத்து ஓடையோ விலையின்றிப் பாய்ந்துகொண்டிருந்தது. தோட்டத்துரைமார் முதலில் மரத்தாலும் இரும்பாலும் ஆன நீர்ச்சக்கரங்களை நிறுவினர். பின்னர், இங்கிலாந்தின் கெண்டல் நகரத்துக் கில்க்ஸ் நிறுவனம் போன்றவை வார்த்தெடுத்த நீர்ச்சுழலிகள் கப்பலேறி வந்தன. சுழலியின் தண்டோடு தோல்வார்களைப் பூட்டிப் பொறிகளை நேரடியாகவே இயக்கினர். மின்பிறப்பாக்கி வந்தபின் அதே சுழலி இஸ்டோருக்கும் துரையின் பங்களாவுக்கும் விளக்கேற்றியது. இத்தகைய சிறு நிலையங்கள் மலைநாட்டில் நூற்றுக்கணக்கில் இருந்தன.

இவ்வேற்பாட்டில் இயற்கையின் துணையும் இருந்தது. மழை பெய்தால் கொழுந்து துளிர்க்கும். மழை பெய்தால் ஓடையும் பெருகும். தைமாதத்துப் பனியிலும் வறட்சியிலும் கொழுந்து குறையும்போது பொறிகளுக்கும் வேலை குறையும். அப்பொழுது ஓடை மெலிந்தாலும் இஸ்டோர் ஒருவாறு சமாளித்துக்கொண்டது.

தேயிலை மலைகள் எங்கும் இக்கதை ஒன்றேபோல் நடந்துள்ளது. இந்தியாவின் முதலாவது நீர்மின் நிலையம் 1897 ஆம் ஆண்டில் டார்ஜிலிங்கை அடுத்த சித்ரபோங்கில் தொடங்கியது. அதுவும் தேயிலைச் சரிவுகளின் நடுவேதான். தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாகக் குடியேறிய மூணாற்றிலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தேயிலைக் கம்பனி தன் தேவைக்கென நீர்மின் நிலையம் அமைத்தது.

நீர் எவ்வாறு மின்னாகின்றது?

மாணவ வாசகர்க்காக இதனைச் சற்று விளக்குவோம். ஓடையின் குறுக்கே மார்பளவு உயரத்தில் ஒரு தடுப்புச் சுவர் கட்டுவர். அங்கிருந்து நீரின் ஒரு பகுதி, மலையின் இடுப்பைச் சுற்றிச் செல்லும் வாய்க்கால் வழியே மெல்ல ஓடும். மணலும் சருகும் அடியிற் படிவதற்கு ஒரு தொட்டி. அதன்பின் குழாயின் வாயிலே மற்றொரு தொட்டி. இங்கிருந்து நீர் இரும்புக் குழாயினுள் புகுந்து சரிவிலே செங்குத்தாய் இறங்கும். அடியில் அது சுழலியின் அலகுகளைத் தாக்கிச் சுழற்ற, சுழலி மின்பிறப்பாக்கியைச் சுழற்றும். வேலை முடித்த நீர் மீண்டும் அதே ஓடையிற் சேரும். ஒரு துளியும் எரிவதில்லை; ஒரு துளியும் அழிவதில்லை.

கிடைக்கும் வலு இரண்டு அளவுகளைப் பொறுத்தது: நீர் விழும் உயரம், நொடிதோறும் விழும் நீரின் அளவு. நொடிக்கு 100 லீற்றர் நீர் 100 மீற்றர் உயரத்திலிருந்து விழுமாயின், கணக்குப்படி 98 கிலோவாட் வலு உண்டு. குழாயில் உராய்வு, சுழலியில் இழப்பு, பிறப்பாக்கியில் இழப்பு ஆகியவை போகக் கைக்கு வருவது 60 முதல் 70 கிலோவாட் ஆகும். சமவெளியிலே பேராறு இருந்தும் வீழ்ச்சி இராது. மலைநாட்டிலோ சிற்றோடைக்கும் வீழ்ச்சி உண்டு. நம் மலைகளின் செல்வம் அவ்வீழ்ச்சியே.

உயரம் மிகுந்த இடங்களுக்கு ஏற்ற சுழலியை அமெரிக்கரான லெஸ்டர் பெல்டன் அமைத்து 1880 ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். நடுத்தர உயரத்திற்கு ஏற்ற 'டர்கோ' என்னும் வகையைக் கில்க்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் குரூட்சன் 1919 ஆம் ஆண்டில் உருவாக்கினார். இவ்விருவகையும் இன்றும் மலைநாட்டில் சுழல்கின்றன.

பெரியதன் நிழலில் மறைந்த சிறியது

இலங்கையின் நீர்மின் வரலாற்றைப் பேசுவோர் டி. ஜே. விமலசுரேந்திராவின் பெயரை மறவார். 1874 ஆம் ஆண்டிற் பிறந்த இப்பொறியியலாளர், நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூல் என்னுமிடத்தில் சிறு நிலையம் ஒன்றை அமைத்து நுவரெலியா நகருக்கு ஒளி தந்தார். களனி கங்கையின் தலையூற்றுகளிற் பெருமளவு மின்வலு உறங்கிக் கிடக்கின்றதென்று 1918 ஆம் ஆண்டிலேயே பொறியியலாளர் சங்கத்தில் ஆய்வுரை படித்தார். ஆட்சியாளர் அதனை எளிதில் ஏற்கவில்லை. 1924 இல் தொடங்கிய லக்ஸபான வேலை இடையிலே நின்றது. பின்னர் மீண்டும் தொடங்கி, 1950 ஆம் ஆண்டில் மின்வலு தந்தது. 1953 இல் மறைந்த அப்பெரியார் தம் கனவு கைகூடியதைக் கண்ணாற் கண்டே மறைந்தார்.

லக்ஸபானவைத் தொடர்ந்து காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களும் மேலும் பல நிலையங்களும் எழுந்தன. 1969 இல் இலங்கை மின்சார சபை அமைந்தது. நாட்டிற்கு இது பெரும்பேறு, ஐயமில்லை. ஆயின் அதன் நிழலிலே மற்றொன்று மறைந்தது. கம்பிவழி மின்சாரம் இஸ்டோரின் வாயிலுக்கே வந்தபோது, வாய்க்காலிற் சருகு அள்ளவும் மணல் வாரவும் ஆள் வைப்பானேன் என்று தோட்ட நிர்வாகங்கள் எண்ணின. மலிவான டீசல் எண்ணெயும் அவ்வெண்ணத்திற்குத் துணைநின்றது. 1972 இலும் 1975 இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. கைமாறிய காலத்தில் பழைய சுழலிகளைப் பேண முனைந்தோர் சிலரே. வாய்க்கால்கள் தூர்ந்தன, குழாய்களிற் பல பழைய இரும்பாய் விலைபோயின, சுழலிகள் துருப்பிடித்தன.

சிறியது பயனற்றுப்போய் ஒழியவில்லை என்பதை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். ஓடை வற்றவில்லை, வீழ்ச்சி குறையவில்லை. கணக்குப் புத்தகத்திலே வேறொன்று சில காலம் மலிவாகத் தோன்றியது, அவ்வளவே.

மீண்டும் சுழன்ற சக்கரம்

1973 இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியதும் கணக்கு மாறத் தொடங்கிற்று. ஷூமாக்கர் என்னும் பொருளியல் அறிஞர் 1966 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிறுவிய இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழு, 1980களில் இலங்கை மலைத்தோட்டங்களின் பழைய நிலையங்களைச் செப்பனிடும் பணியில் இறங்கியது. பழைய வாய்க்காலைத் தூர்வாரி, பழைய சுவரைப் பூசி, புதிய பிறப்பாக்கியைப் பொருத்தினால் புது நிலையம் கட்டுவதிலும் செலவு குறையும் என்பது கண்கூடாயிற்று. முன்னோர் உளியால் வெட்டிய பாதை அங்கே ஆயத்தமாய் இருந்ததன்றோ!

1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. 1996 ஆம் ஆண்டு கடும் வறட்சியினால் நாடெங்கும் மின்வெட்டு ஏற்பட்டது. அவ்வாண்டிலேதான் டிக்கோயாவில் 960 கிலோவாட் வலுவுள்ள தனியார் சிறு நீர்மின் நிலையம் நாட்டின் மின்வலையோடு இணைந்தது. இவ்வகையில் அதுவே முதலாவது. 10 மெகாவாட் வரையான நிலையங்களிலிருந்து மின்சார சபை மின்சாரம் வாங்குவதற்குப் பொதுவானதோர் ஒப்பந்தமுறை வகுக்கப்பட்டது. உலக வங்கியின் உதவியுடன் உள்நாட்டு வங்கிகள் கடன் வழங்கின. 2007 இல் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை நிறுவப்பட்டது. இன்று நாட்டில் இத்தகைய சிறு நிலையங்கள் 200 க்கு மேல் உள்ளன. அவற்றின் மொத்த வலு 400 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. தலவாக்கலைப் பகுதியில் ராதெல்ல, பாமஸ்டன், சமர்செட் முதலிய தோட்டங்களின் பெயர் தேயிலையோடு மின்சாரத்தையும் நினைவூட்டுகின்றது.

இவ்வாணிபத்தின் கணக்கை மாணவர் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். 1 மெகாவாட் நிலையம் ஆண்டு முழுவதும் இடையறாது ஓடினால் 87 இலட்சத்து 60 ஆயிரம் அலகுகள் கிடைக்கும். ஓடை எந்நாளும் நிறைந்து ஓடுவதில்லை. ஆகவே அதில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கே கைக்கு வரும் என்று கொள்வோம். அதுவே ஏறத்தாழ 35 இலட்சம் அலகுகள். ஒரு கிலோ தேயிலை செய்ய ஏறக்குறைய அரை முதல் முக்கால் அலகு மின்சாரம் செலவாகின்றது. ஆண்டுக்கு 5 இலட்சம் கிலோ தேயிலை செய்யும் இஸ்டோருக்கு 4 இலட்சம் அலகுகள்கூட வேண்டுவதில்லை. எஞ்சியதெல்லாம் விற்பனைக்கு உரியது. தேயிலை விலை வீழ்ந்த ஆண்டிலும் ஓடை தன் பங்கைச் செலுத்தும்.

இதிலே இடர் இல்லையென்று கூறோம். முதலீடு முழுவதையும் முதலிலேயே கொட்டவேண்டும். பயன் பல ஆண்டுகளில் மெல்ல வரும். ஆரம்ப ஒப்பந்தங்களில் மின்சாரத்தின் விலை எண்ணெய் விலையைத் தழுவியிருந்தமையால் ஏறியிறங்கிற்று. பின்னரே உற்பத்திச் செலவைத் தழுவிய விலைமுறை வந்தது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மின்சார சபை உற்பத்தியாளருக்குப் பல மாதங்கள் பணம் செலுத்த இயலாது திணறியது. அவ்வாண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியது, டீசலுக்கும் தட்டுப்பாடு. வாட்டிய கொழுந்தோ மின்சாரம் வரும்வரை காத்திராது. தன் ஓடையைத் தானே ஆளும் தோட்டத்தின் அருமை அன்று பலருக்கும் விளங்கியது.

அடுப்பும் கூரையும்

மின்சாரத்தைப் பற்றியே பேசுகையில் இஸ்டோரின் அடுப்பை மறந்துவிடலாகாது. தேயிலைத் தொழிற்சாலை செலவிடும் சக்தியிற் பெரும்பங்கு விளக்குக்கோ பொறிகளுக்கோ செல்வதில்லை. கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் வேண்டிய வெப்பத்துக்கே செல்கின்றது. அவ்வெப்பம் இன்றும் பெரும்பாலும் விறகிலிருந்தே வருகின்றது. ஒரு கிலோ தேயிலைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோவும் அதற்கு மேலும் விறகு எரிகின்றது.

விறகு புதுப்பிக்கத்தக்கதா? வெட்டிய மரத்துக்கு ஈடாக மரம் வளர்த்தால் ஆம். வளர்க்காவிடின் அது காட்டைத் தின்னும் நெருப்பே. யாழ்ப்பாணத்தவர் வேலிக்கு நடும் சீமைக்கிளுவையைக் 'கிளிசரிடியா' என்பர். வெட்ட வெட்டத் தழைக்கும் இம்மரத்தைத் தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றின் பின் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசு 2005 ஆம் ஆண்டில் அறிவித்தது. தாழ்ந்த, நடுத்தர உயரமுள்ள நிலங்களில் அது செழிக்கும். மிக உயர்ந்த மலைகளில் யூக்கலிப்டஸ் முதலியவற்றை விறகுக்கென்றே வளர்க்கின்றனர். விறகை ஈரத்தோடு அடுப்பிலிடாது, பிளந்து காயவைத்து இட்டாலே செலவு கணிசமாய்க் குறையும். இதற்குப் பேரறிவு வேண்டுவதில்லை. ஒரு கொட்டகையும் சற்றுப் பொறுமையும் போதும். தோட்டத்தின் தரிசுச் சரிவுகளில் விறகுமரம் வளர்த்து இஸ்டோருக்கு விற்பது சிறு உழவர்க்கும் இளைஞர்க்கும் ஏற்ற தொழிலாகும்.

அடுத்தது கூரை. தேயிலைத் தொழிற்சாலையின் கூரை மிகப் பரந்தது. 2016 இல் அரசு தொடங்கிய 'சூரியபல சங்கிராமம்' திட்டத்தின் பின், கூரையிலே சூரியத் தகடுகளைப் பொருத்தி எஞ்சிய மின்சாரத்தை விற்கும் வழக்கம் நாட்டிற் பரவிவருகின்றது. மூடுபனி சூழ்ந்த மலைநாட்டில் வெயில் ஏது என்று நகைப்போர் உளர். ஆயின் ஹட்டன் பக்கத்தில் ஓடை மெலியும் தை, மாசி, பங்குனி மாதங்களிலேதான் வானம் தெளிந்து வெயில் காய்கின்றது. தென்மேல் மழைக்காலத்தில் வெயில் மறைந்தால் ஓடை பெருகுகின்றது. ஒன்று சோரும்போது மற்றொன்று தாங்குகின்றது. நல்ல குடும்பமொன்றில் நடப்பதும் இதுவேயன்றோ!

யாருடைய நீர்?

இதுவரை கூறியது தொழிலும் இலாபமும் பற்றியது. இனி, கூறாமல் விடமுடியாத ஒன்றைக் கூறுகின்றோம்.

மலையின் இடுப்பைச் சுற்றி அந்த வாய்க்கால்களை வெட்டியவர் யார்? பாறையைப் பிளந்தவர், இரும்புக் குழாயைத் தோளிலே சுமந்து சரிவில் ஏற்றியவர், இரவு மழையில் இலாந்தரோடு சென்று தொட்டியின் சருகை அள்ளியவர் யார்? தோட்டத் தொழிலாளரே. அவர்கள் கையால் வந்த நீர் இஸ்டோருக்கு ஒளி தந்தது. பங்களாவுக்கு ஒளி தந்தது. ஒரு கூப்பிடு தூரத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையிலே அவர்களுடைய பிள்ளைகள் குப்பிலாம்பின் புகையிற் படித்தனர். இஸ்டோர் மின்னொளி பெற்றுப் பல பத்தாண்டுகள் சென்ற பின்னரே லயங்களிற் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் வந்தது. இன்று ஏறக்குறைய எல்லா லயங்களிலும் விளக்கு எரிகின்றது. ஆனால் மலையின் நீரை விற்று வரும் பணத்தில் அவர்களுக்கென்று ஒரு பங்கு உண்டா என்னும் கேள்வி அணையவில்லை.

இலங்கையிலேயே வேறொரு வழி காட்டப்பட்டுள்ளது. 1990களிலிருந்து இரத்தினபுரி, கேகாலை, மாத்தறை முதலிய மாவட்டங்களில் மின்கம்பி எட்டாத கிராம மக்கள் சங்கம் அமைத்தனர். சிரமதானமாக வாய்க்கால் வெட்டினர். சில கிலோவாட் வலுவுள்ள சிற்றூர் நிலையங்களைத் தாமே கட்டி, தாமே நடத்தி, வீடுகளுக்கு ஒளி பகிர்ந்தனர். இதே நுட்பத்தை நூறாண்டாய் அறிந்த தோட்ட மக்களால் இது ஏன் பரவலாய் இயலவில்லை? நிலமும் வீடும் தம்முடையதாய் இருந்தமையால் கிராமத்தவர்க்குச் சங்கம் அமைப்பது எளிதாயிற்று. குடியிருக்கும் அறையே தமதல்லாத லயத்தவர் எந்த ஓடையின் மீது உரிமை கொண்டாட இயலும்? காணியுரிமையும் மின்னொளியும் வெவ்வேறு பிரச்சினைகள் போலத் தோன்றினும், வேரிலே ஒன்றுதான்.

கடல் கடந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கென்ய நாட்டில் சிறு தேயிலைப் பயிரிடுவோர் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தம் தொழிற்சாலைகளின் பங்குதாரர்களாய் உள்ளனர். அவர்களுடைய இமென்டி தொழிற்சாலை, தனக்கென நீர்மின் நிலையம் அமைத்து எஞ்சியதை நாட்டின் மின்வலைக்கு விற்கின்றது. ஓடையின் இலாபம் கொழுந்து பறித்தவர் கணக்கிலும் சேர வழியுண்டு என்பதற்கு இதுவே சான்று. நம் நாட்டுக் கம்பனிகளும் இதனைச் சிந்திக்கலாம். ஒவ்வோர் அலகின் விலையிலும் சிறு பகுதியைத் தோட்டத்தின் பாடசாலைக்கும் பிள்ளைக் காப்பகத்துக்கும் பீலியில் நல்ல குடிநீருக்கும் ஒதுக்குவதால் கம்பனி நலிந்துவிடாது. தமக்கும் பங்கு உண்டென்று அறிந்த மக்கள் அவ்வாய்க்காலைத் தம் பொருளாய்க் காப்பர்.

ஓடை வற்றினால்?

சிறியதென்பதால் தீங்கற்றதென்று கருதிவிடக் கூடாது. தடுப்புச் சுவருக்கும் சுழலிக்கும் இடையே ஓடையின் ஒரு பகுதி நீரிழந்து போகின்றது. அங்கே வாழும் மீன்களும் தவளைகளும் அழியாதிருக்க, எக்காலத்தும் குறித்த அளவு நீரைத் திறந்துவிடவேண்டும். பேராசையால் அதனையும் குழாயினுள் திருப்பினால் ஓடையின் அப்பகுதி வெறும் பாறையாகும். பெரிய திட்டங்களில் இவ்விடர் பெரிது. 2012 இல் 150 மெகாவாட் வலுவோடு தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்தின் பொருட்டுத் தலவாக்கலையில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன; சென் கிளேயர் அருவியின் நீரும் மட்டுப்படுத்தப்பட்டது. நாட்டிற்கு மின்வலு வேண்டும் என்பது மெய். அதற்கு விலையும் உண்டு என்பதும் மெய். அவ்விலையைச் செலுத்துவோர் யாரென்று கேட்பது குற்றமாகாது.

வாய்க்காலும் அப்படியே. கவனிப்பாரற்ற வாய்க்காலிற் கசியும் நீர் மண்ணை இளக்கிச் சரிவை இறக்கிவிடும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' புயலின் பெருமழையில் மலைநாடு கண்ட மண்சரிவுகளை நாம் மறந்திருக்க இயலாது. மண்ணைக் காப்பது மரம். ஓடையைக் கோடையிலும் ஓடச்செய்வதும் மரமே. காடு மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து மெல்ல மெல்ல விடுகின்றது. மலையுச்சிக் காட்டை அழித்தால் மழைநாளில் வெள்ளமும் மறுமாதம் வறட்சியும் கிட்டும். சுழலி இரண்டினாலும் நிற்கும். ஆகவே நீர்மின் நிலையம் வைத்திருப்பவனுக்கு மேலுள்ள காடும் மூலதனமே. வங்கிக் கடனுக்கு வட்டி கட்டுவதுபோல் அவன் காட்டுக்கும் ஆண்டுதோறும் மரம் நட்டு வட்டி கட்டவேண்டும்.

மாணவர்க்கு ஒரு சொல்

நாட்டின் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கை 2030 ஆம் ஆண்டுக்குள் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறவேண்டுமென அரசு இலக்கு வகுத்துள்ளது. இலக்கு எட்டப்பட்டாலும் சற்றுப் பிந்தினாலும், இத்துறையிலே தொழில் பெருகும் என்பது உறுதி. சுழலியைப் பழுதுபார்ப்போர், கூரையிலே தகடு பொருத்துவோர், ஓடையின் நீரை ஆண்டு முழுவதும் அளந்து குறிப்போர், ஒப்பந்தக் கணக்கு அறிந்தோர் ஆகிய அனைவரும் தேவை. தோட்டத்துப் பிள்ளைகள் இவ்வேலைகளுக்குக் கொழும்பிலிருந்து ஆள் வரக் காத்திருக்க வேண்டுவதில்லை. எந்த ஓடை எந்த மாதத்தில் மெலியும், எந்தச் சரிவு மழையில் அசையும் என்பதை அவர்களின் பாட்டன்மார் அறிந்திருந்தனர். அவ்வறிவோடு கணிதமும் பொறியியலும் சேருமாயின் அதற்கு ஈடு வேறில்லை.

நல்ல வாணிபம் எதுவெனின், மூலப்பொருளும் அழியாது, உழைத்தவரும் வாடாது, அடுத்த தலைமுறையும் அதனையே செய்யக்கூடியதாய் இருப்பது என்போம். ஓடை அத்தகைய வாணிபத்தை நமக்குத் தரக் காத்திருக்கின்றது. காட்டையும் மக்களையும் அதன் கணக்கிற் சேர்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

அடுத்தமுறை மலைநாட்டுப் புகைவண்டியில் ஏறும் வாசகர் அருவியைக் கண்டு மகிழட்டும். அதன்பின், இஸ்டோருக்குப் பின்னால் இறங்கும் அந்த இரும்புக் குழாயையும் பிள்ளைகளுக்குக் காட்டட்டும். அஃது எங்கிருந்து நீரைக் கொண்டு வருகின்றது, யார் அதனை அமைத்தனர், அதன் பயன் யார் வீட்டுக்குச் செல்கின்றது என்று பிள்ளைகள் கேட்பார்களாயின், இக்கட்டுரையின் பயன் நிறைவேறியதென்று நாம் மகிழ்வோம்.